ஆடிக்கு முந்தின பத்து நாள்

டோக்கன் எத்தனை, தங்கச்சி? பதினேழா? அப்போ ஒரு மணிக்கு மேலதான் ஆகும். இந்த டாக்டரம்மா ஒவ்வொருத்தரையும் உள்ளே வெச்சு அரை மணி நேரம் பேசுவாங்க. எங்க ஊர் டாக்டர்னா நாம நாக்கை நீட்டுறதுக்குள்ள மருந்துச் சீட்டை எழுதி முடிச்சிருப்பார். இங்கே நாக்கை யாரும் பாக்கிறதில்லை, பேச்சைத்தான் பாப்பாங்க.

நாங்க பதினொன்னு. உட்காருங்க, பையைக் கீழே வைங்க. நீலச் சட்டை போட்டுட்டு வந்தாரே, அவர் உங்க அண்ணன்தானே? தேடாதீங்க. எங்க வீட்டுக்காரர் தோள்ல கையைப் போட்டு டீ குடிக்கக் கூட்டிட்டுப் போயிட்டார். பயமே வேண்டாம். முன்னப்பின்ன தெரியாத ஆளைக்கூட அஞ்சு நிமிசத்துல மாப்ளேன்னு கூப்பிட வெச்சிருவார். இப்போ ஒரு பத்து நாளாத்தான் பழையபடி அப்படி இருக்கார். அதைப் பாக்கிறதுக்கு எனக்கு எவ்வளவு சந்தோசமா இருக்கு தெரியுமா?

அண்ணனுக்கு என்னன்னு சொன்னாங்க? மனச்சோர்வா? உங்க ஊர் டாக்டர் சொன்னதா? ம்ம். எங்களுக்கும் முதல்ல அப்படித்தான் சொன்னாங்க. மூணு வருசம் அதுக்குத்தான் மாத்திரை. நான் படிச்சது எட்டாவது வரைக்கும். ஆனா இந்தப் பெஞ்சுல ஒரு வருசமா உட்கார்ந்திருக்கேன். வர்றவங்களைப் பார்த்ததும் இன்னது இன்னதுன்னு சொல்லிருவேன். அந்த ஓரத்துல சேலைத் தலைப்பை முறுக்கிட்டு இருக்காங்களே, அது வெறும் பதற்றம். சீட்டெல்லாம் அடுக்கி வெச்சுக்கிட்டு இருக்காரே, அவரா? அவர் மருந்துக் கம்பெனி ஆள். அதுவும் எனக்குத் தெரியும்.

இதுல பல தினுசு உண்டு, தங்கச்சி. ஆள் கீழே மட்டும் போனா மனச்சோர்வு. ஒரு காலம் கீழேயும் ஒரு காலம் மேலேயும் போனா அது பைபோலார். அதுலயும் ரெண்டு வகை. நான் அடுப்பாங்கரைக் கணக்குல ஒன்னு வெச்சிருக்கேன், கேளுங்க. பால் பொங்கி வழிஞ்சு அடுப்பையே அணைச்சிருச்சுன்னா ஒன்னாம் வகை. ஒரு வாரத்துக்கு மேல அப்படியே இருக்கும், ஆஸ்பத்திரியில சேர்க்கிற அளவுக்குக்கூடப் போகும். பொங்கி விளிம்பு வரைக்கும் வந்து நின்னுருச்சுன்னா ரெண்டாம் வகை. நாலு நாளாவது இருக்கும். ஆள் வேலைக்குப் போவார், நல்லாப் பேசுவார், பாக்கிறவங்களுக்கு வியாதின்னே தெரியாது. ஆனா அடி பிடிக்கிறது, அதான் கீழே போறது, ரெண்டுக்கும் உண்டு. ரெண்டாம் வகையில அடி இன்னும் நாள்கணக்கா, மாசக்கணக்கா தீயும். இதைச் சொன்னப்போ டாக்டரம்மாவே சிரிச்சு, "நான் மத்தவங்களுக்குச் சொல்லிக்கலாமா?"ன்னு கேட்டாங்க. தாராளமாச் சொல்லுங்கன்னு அனுமதி குடுத்திருக்கேன்.

மூணாவது ஒன்னு இருக்கு. கொதிக்கவும் கொதிக்காது, ஆறவும் ஆறாது. ரெண்டு வருசத்துக்கு மேல வெதுவெதுன்னு அப்படியே கிடக்கும். எங்க நாத்தனாருக்கு அதுதான்னு டாக்டரம்மாகிட்டச் சொன்னேன். "அவங்க எல்லார்கூடவும் அப்படி இருக்காங்களா?"ன்னு கேட்டாங்க. இல்லை, என்கூட மட்டும்தான்னேன். "அப்படின்னா அது வியாதி இல்லைம்மா"ன்னு சொல்லிட்டாங்க. எவ்வளவு படிச்சிருந்தாலும் சில விசயம் பிடிபடாது பாருங்க.

சரி, எங்க கதைக்கு வர்றேன். எங்களுக்கு சிவகாசி. அவர் பேரு காளிராஜன், நான் தங்கபுஷ்பம். அவர் காலண்டர் ஆர்டர் எடுக்கிற ஏஜென்ட். உங்க ஊர்ல நகைக்கடை, மளிகைக்கடையில வருசா வருசம் சாமி படம் போட்டுத் தினசரிக் காலண்டர் குடுக்கிறாங்கள்ல? அதுக்கு ஆர்டர் பிடிக்கிறவர். ஆடிப் பதினெட்டு அன்னைக்குப் பூசை போட்டுப் புது ஆல்பம் வெளியிடுவாங்க. எந்த முருகன், எந்தக் குழந்தை, எந்த ரோஜாப்பூன்னு மாதிரி அட்டை எல்லாம் அதுல இருக்கும். அதைத் தூக்கிட்டு ஏஜென்டுங்க ஊர் ஊராக் கிளம்பிருவாங்க. இவருக்குத் தேனி, போடி, கம்பம்.

ஆடியிலேர்ந்து கார்த்திகை முடிய எங்க ஊர்ல யாரும் தூங்க மாட்டாங்க. தை பொறந்துட்டா யாரும் எந்திரிக்க மாட்டாங்க. ஊரே அப்படி இருக்கிறப்போ ஒரு ஆளை மட்டும் வியாதிக்காரன்னு எப்படிப் பிரிக்கிறது, நீங்களே சொல்லுங்க. இவர் ஆடியில ஓடுவார். ஊரும் ஓடும். இவர் தையில படுப்பார். ஊரும் படுக்கும். என்ன, ஊர் மாசியில எந்திரிச்சு உட்காரும். இவர் உட்கார மாட்டார். பங்குனியாகும், சித்திரையாகும், குளிக்கச் சொன்னா கண்ணுல தண்ணி வரும். அதுக்குத்தான் எங்க ஊர் டாக்டர்கிட்டப் போனோம். "சோகமா இருக்காரா?" "ஆமா." "தூக்கம் வருதா?" "விடிய விடிய முழிச்சுக் கிடக்கார்." அவ்வளவுதான், மனச்சோர்வுன்னு மாத்திரை எழுதினார். ஆடியில எப்படி இருந்தார்னு அவர் கேக்கல. நாங்களும் சொல்லல. நல்லா இருக்கேன்னு யாராவது டாக்டர்கிட்டப் போய்ச் சொல்லுவாங்களா?

போன வருசம் பாருங்க, பங்குனி பொறந்ததும் அவர் பாட்டுக்கு எந்திரிச்சார். மாத்திரை வேலை செஞ்சிருச்சுன்னு நான் கோயிலுக்குப் பால்குடம் நேர்ந்துக்கிட்டேன். குளிச்சார், சவரம் பண்ணினார், பழைய ஆல்பத்தை எடுத்துட்டு கம்பம் பஸ் ஏறிட்டார். "பங்குனியில காலண்டர் யாருங்க வாங்குவா?"ன்னு கேட்டேன். "அடுத்த வருசத்து ஆர்டரை ஆடியில எல்லாரும் வாங்குவாங்க புஷ்பம். நான் அதுக்கு அடுத்த வருசத்துக்கு வாங்கப் போறேன்"னார். சொன்ன மாதிரியே வாங்கிட்டு வந்தார்! அரசாங்க விடுமுறை எது எதுன்னே இன்னும் அறிவிக்காத வருசத்துக்கு ஏழு கடை ஆர்டர். அந்த முதலாளிமார்கள் என்னத்தை நெனச்சுச் சம்மதிச்சாங்களோ. இவர் பேசினா வேண்டாம்னு சொல்ல முடியாது தங்கச்சி. நானே அப்படித்தானே கட்டிக்கிட்டேன்.

இன்னொன்னு கேளுங்க. கம்பத்துல ஒரு பலசரக்குக் கடைக்காரர். இவர் போன அன்னைக்கு அவரோட அப்பா தவறிட்டார். வீட்டு வாசல்ல பந்தல், சங்கு ஊதுறாங்க. மாலையைப் போட்டுக் கும்பிட்டுட்டு வர்றதுதானே முறை? இவர் அந்தக் கடைக்காரரைக் கட்டிப் பிடிச்சு அழுதுட்டு, பந்தல்லயே ஆல்பத்தை விரிச்சிருக்கார். "அப்பா படத்தை மேலே போட்டு, கீழே கடை பேரைப் போட்டு, வருசம் முழுக்க எல்லார் வீட்டுச் சுவத்துலயும் அவர் இருக்கட்டும்"னு சொல்லியிருக்கார். ஐந்நூறு காலண்டர்! துக்க வீட்டுல! அந்தக் கடைக்காரர் அழுதுக்கிட்டே கையெழுத்துப் போட்டாராம். இதை எங்களுக்குக் காலண்டர் அடிக்கிற பிரஸ் முதலாளி சொல்லிச் சொல்லிச் சிரிச்சார். "காளிராஜன் மாதிரி ஒருத்தன் பொறக்கணும்யா"ன்னார். எனக்கும் பெருமைதான். என் மக மட்டும், மதுரையில காலேஜ் படிக்கிறா, போன்லயே, "அம்மா, இது சிரிக்கிற விசயம் இல்லைம்மா"ன்னா. அவ எப்பவும் அப்படித்தான், எதையும் ரசிக்கத் தெரியாது.

அப்புறம் அதே முதலாளியோட இவர் சண்டை போட்டார். பிரஸ்ஸையே மாத்தி அமைக்கணும்னு நடு ஆபீஸ்ல சத்தம். ரெண்டு நாள்ல சித்திரை பொறந்தது. ஆள் படுத்துட்டார். முன்னாடி படுத்தது மாதிரி இல்லை, சுவத்தைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவர் திரும்பவே இல்லை. ஒருநாள் சொல்றார், "நான் போயிட்டா என் படத்தைப் போட்டுக் காலண்டர் அடிச்சிராத புஷ்பம்"னு. சீசன் இல்லாத நேரத்துல பேசுற பேச்சா இதுன்னு கேட்டுட்டு நான் கஞ்சி வைக்கப் போயிட்டேன்.

வைகாசியில ஒரு மத்தியானம் ஆளைக் காணோம். தேடிப் போனா, எங்க கொழுந்தனார் தோட்டத்துல கிணத்து மேட்டுல காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருக்கார். "மோட்டார் பாக்க வந்தீங்களா?"ன்னேன். ஆமான்னார். மோட்டாரைக் கழட்டி ஒரு மாசம் ஆச்சு, அவருக்கு ஞாபகம் இல்லை போல. கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்துட்டேன். இதைச் சும்மா மககிட்டப் பேச்சுவாக்குல சொன்னேன். அவ அன்னைக்குச் சாயங்காலமே பஸ் பிடிச்சு வந்து, அப்பாவை இந்த டாக்டரம்மாகிட்டத்தான் காட்டணும்னு ஒத்தைக்கால்ல நின்னா. அப்படித்தான் இங்கே வந்தோம். அதை விடுங்க.

என் மனத்தாங்கல் என்னன்னா, இந்த டாக்டரம்மா முதல் நாளே என்னைக் கூப்பிட்டு, "தினமும் அவர் எப்படி இருந்தார், எத்தனை மணி நேரம் தூங்கினார்னு எழுதி வைங்க. மூணு மாசம் கழிச்சுக் கொண்டு வாங்க"ன்னாங்க. காலண்டர்காரன் வீட்டுல எதுல எழுதுவா? சுவத்துல தொங்குற தினசரிக் காலண்டர்லதான். அந்தந்தத் தேதித் தாள்லயே எழுதினேன். விடிஞ்சா தாளைக் கிழிக்கணும்ல? கிழிச்சேன். ஆள் படுத்துக் கிடந்த நாளோட தாளை எல்லாம் பத்திரமா ஒரு பிஸ்கட் டப்பாவுல போட்டு வெச்சேன். நல்லா இருந்த நாளோட தாள்ல பின்னாடி மளிகைச் சாமான் எழுதிக் கடைக்குக் குடுத்து விட்டேன். வெள்ளைத் தாளை வீணாக்கலாமா?

டப்பாவை டாக்டரம்மா மேசையில வெச்சேன். ஒவ்வொன்னா எடுத்துப் பார்த்தாங்க. "ஆனியில இருபது தாள் இருக்கு. ஆடியில ஒன்னுகூட இல்லையே?"ன்னாங்க.

"ஆடியில நல்லா இருந்தார் டாக்டர்."

"அந்தத் தாளெல்லாம் எங்கே?"

"நல்ல நாளை உங்ககிட்ட எதுக்குக் கொண்டு வரணும்?"

"நல்ல நாள்ல எத்தனை மணி நேரம் தூங்கினார்?"

"ஆடி மாசம் சிவகாசியில யார் டாக்டர் தூங்குறா?"

அவங்க பேனாவை மூடி வெச்சுட்டு என்னையே பார்த்தாங்க. "நீங்க எனக்குப் பள்ளத்தை மட்டும் அள்ளிட்டு வந்திருக்கீங்கம்மா. மேட்டைக் காட்டினாத்தான் இது எந்த வகைன்னு என்னால சொல்ல முடியும்"னாங்க. அப்புறம் கல்யாணமான வருசத்துலேர்ந்து ஒவ்வொரு ஆடியும் எப்படி இருந்ததுன்னு தோண்டித் தோண்டிக் கேட்டாங்க. எங்க ஊர் டாக்டர் குடுத்த மாத்திரை மட்டுமே அவரைத் தூக்கி விட்டுச்சா, இல்லை அதுக்கு முன்னாடியும் உண்டான்னு பாக்கணுமாம். தைராய்டு கெட்டாலும் இப்படி ஆகும்னு ரத்தம் எடுத்தாங்க. கடைசியில ரெண்டாம் வகைன்னு முடிவு சொல்லி, பழைய மாத்திரையை நிறுத்தி, லித்தியம்னு ஒன்னு குடுத்தாங்க. ராத்திரிக்கு ரெண்டு.

எனக்கு அன்னைக்கே ஆறல, தங்கச்சி. அழுத நாளை வியாதின்னு எழுதுங்க, வேண்டாங்கல. சிரிச்ச நாளையும் வியாதியில சேர்த்தா நான் இருபத்தி நாலு வருசமா யாரோட குடும்பம் நடத்தினேன்?

மாத்திரை நல்ல மாத்திரைதான், குறை சொல்லக் கூடாது. இந்த ஒரு வருசத்துல ஒருநாள்கூட அவர் படுக்கல. எட்டு மணிக்கு எந்திரிப்பார், வேலைக்குப் போவார், வருவார், செய்தி பாப்பார், தூங்குவார். எல்லாம் இருந்தது. ஆனா புளி ஊத்தாத ரசம் மாதிரி. தேனிக்குப் போனா கடைக்காரருக்கு வணக்கம் வெச்சுட்டு, வாங்கினா வாங்கட்டும்னு உட்கார்ந்திருக்கார். போன சீசன்ல ஆர்டர் பாதியா இறங்கிப் போச்சு. முதலாளி வீட்டுக்கே வந்து, "இந்த ஆடியிலயும் இப்படின்னா கம்பம் லைனை வேற ஆளுக்குக் குடுத்துருவேம்மா"ன்னு சொல்லிட்டுப் போனார்.

அதனாலதான்... ஏன், உங்ககிட்டச் சொன்னா என்ன, நீங்க என்ன எங்க ஊரா? ஆனி இருபதுலேர்ந்து ரெண்டு மாத்திரையை ஒன்னாக்கிட்டேன். சும்மா, சீசன் வரைக்கும்தான். ஆடிப் பதினெட்டு முடிஞ்சு ஆர்டர் எல்லாம் வந்து விழுந்ததும் மறுபடி ரெண்டாக்கிருவேன். சமைக்கிறவளுக்கு உப்பு எவ்வளவுன்னு தெரியாதா?

பலனைப் பாருங்களேன். பத்து நாள்தான் ஆச்சு, மனுசன் பூத்துட்டார். நேத்து முதலாளிக்கே போன் போட்டு ஆல்பத்துல எந்தப் படத்தை மாத்தணும்னு சொல்லிட்டு இருக்கார். இங்கே வர்ற வழியில பஸ்ல கண்டக்டரிலேர்ந்து பின்சீட்டு வரைக்கும் சிரிப்பு. ஒரு வருசமா "ஏய், இங்க வா"ன்னு கூப்பிட்ட மனுசன் பத்து நாளாத்தான் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடறார். புஷ்பம், புஷ்பம்னு. நீங்க சின்னப் பொண்ணு, உங்களுக்கு இது புரியாது.

என்ன கேட்டீங்க? எத்தனை மணி நேரம் தூங்குறாரா? நீங்களும் டாக்டரம்மா மாதிரியே கேக்கிறீங்களே. தூங்குறார், தூங்குறார். மூணு மணி நேரம். களைப்பே இல்லைங்கிறார், அப்புறம் எதுக்குத் தூங்கணும்? டாக்டரம்மா கேட்டா ஏழு மணி நேரம்னு சொல்லப் போறேன். ஆடி நெருங்குற நேரத்துல அவங்களுக்கு எதுக்கு வீண் கவலை?

அவருக்குத் தெரியுமாவா? மாத்திரை விசயமா? அவருக்கு எப்படித் தெரியும்! அவர் கையை நீட்டுவார், நான் வைப்பேன், தண்ணியை ஊத்தி முழுங்குவார். எத்தனைன்னு குனிஞ்சுகூடப் பாத்ததில்லை.

இங்கே வாங்க, இந்த ஜன்னல் வழியாப் பாருங்க. டீக்கடையில கூட்டத்தைப் பாருங்க. நடுவுல நிக்கிறது எங்க வீட்டுக்காரர். பக்கத்துல உங்க அண்ணன். சிரிக்கிறார் பாருங்க! ஆறு மாசமா அவர் சிரிச்சு நீங்க பார்த்ததே இல்லையா? அட, நீங்க ஏன் கண்ணைத் துடைக்கிறீங்க? இதுக்குத்தான் சொல்றேன், எங்க வீட்டுக்காரர் ஒரு மருந்து. அந்த மருந்துக்குப் போய் மருந்து குடுக்கிறாங்க.

வந்துட்டார். படியை ரெண்டு ரெண்டாத் தாண்டி வர்றதைப் பாருங்க, ஐம்பத்தி ரெண்டு வயசு! ஏங்க, உங்களைத்தான், பதினொன்னு கூப்பிட்டாச்சு. இவங்க அண்ணனை எங்கே? ஆங், பின்னாடியே வர்றாரா? நில்லுங்க, நானும் வர்றேன். என்னது, நீங்க மட்டும் போறீங்களா? "நீ பேசிட்டு இரு புஷ்பம், நான் போய் ஆஜர் குடுத்துட்டு வர்றேன்." கேட்டீங்களா? பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி! சரி, போகட்டும். உள்ளே என்னத்தைச் சொல்லிரப் போறார். அவருக்கே அவரைப் பத்தி ஒன்னும் தெரியாது. எல்லாம் எனக்குத்தான் தெரியும்.

காலையில வந்ததுமே ரத்தம் எடுத்தாங்க. தைராய்டு, கிட்னி, இன்னும் என்னமோ. மூணு மாசத்துக்கு ஒரு தடவை எடுப்பாங்க. எல்லாம் எப்பவும் சரியாத்தான் இருக்கும்.

உங்க அண்ணன் உட்கார்ந்துட்டார் பாருங்க. டீ நல்லா இருந்துச்சாய்யா? எங்க வீட்டுக்காரர் நகர்ந்ததும் மறுபடி முகம் தொங்கிருச்சு. பரவாயில்லை, போகப் போகச் சரியாகும்.

சிஸ்டர் கதவைத் திறக்கிறாங்க. என்ன சிஸ்டர், அதுக்குள்ள முடிஞ்சிருச்சா? என்னது? மூணு மணி நேரம்தான் தூங்குறேன்னு அவரே சொல்லிட்டாரா? யார், எங்க வீட்டுக்காரரா? "இது நல்லதுக்கில்லை டாக்டர், போன வருசப் பங்குனி மாதிரியே இருக்கு, எனக்குப் பயமா இருக்கு"ன்னு சொன்னாரா? டீக்கடையில அவ்வளவு சிரிச்சவரா?

என்ன, ரத்தத்துலயா? மருந்து இருக்க வேண்டிய அளவுல பாதிகூட இல்லையா? அதெல்லாமா சிஸ்டர் ரத்தத்துல தெரியும்?

இல்லை, கேக்குது, சொல்லுங்க. "ரெண்டு மாத்திரையும் தவறினதே இல்லை, என் சம்சாரம் தன் கையால குடுக்கிறா, அவ ஒருநாளும் தப்புப் பண்ண மாட்டா"ன்னு சொல்றாராமா? அதனால டாக்டரம்மா... மூணாக்கப் போறாங்களா? அது உடம்புக்கு ஆகுமா? அளவு மீறினா ஆபத்துன்னு அவங்கதானே அன்னைக்குச் சொன்னாங்க?

என்னை அப்படிப் பாக்காதீங்க தங்கச்சி. நான் என்ன, கெடுதல் நினைச்சா செஞ்சேன்?

அந்தப் பையை எடுங்க. மஞ்சப் பையைத்தான். மாத்திரை அட்டை எல்லாம் அதுலதான் இருக்கு, மிஞ்சினது அப்படியே இருக்கு. குடுங்க.

வந்துட்டேன் டாக்டரம்மா. எழுதாதீங்க, ஒரு நிமிசம் எழுதாம இருங்க. மாத்திரை விசயமா ஒன்னு சொல்லணும். இவரைக் கொஞ்ச நேரம் வெளியில இருக்கச் சொல்லுங்க, நான் உங்ககிட்ட மட்டும்...

இல்லை, வேண்டாம். இருக்கட்டும். அவரும் கேக்கட்டும்.